பக்கத்துப் பல்லின் நிறம்

“கிரீடம் வெக்கறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, இப்பப் பாத்தா சோளப்பொரியாட்டம் இருக்குதுங்க” என்று பக்கத்து நாற்காலி அம்மா தன் கணவரின் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் கை வழக்கம்போல வாய்க்குப் போய்விட்டது. நல்லவேளை, அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கையில் விரித்த கைக்குட்டை, அதன் நடுவில் ஒரு கடைவாய்ப் பல்லின் உறை. உள்ளே குழிவாக, வெளியே மேடும் பள்ளமுமாக, உண்மையிலேயே சோளப்பொரிதான். கடலை மிட்டாய் தின்னும்போது கழன்றுவிட்டதாம். “அதைத்தானே கடிக்க வேண்டாம்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க?” “நான் எங்க கடிச்சேன்? சும்மா வாயில போட்டு ஊற வெச்சிருந்தேன், அதுவாக் கழண்டுக்குச்சு.” “ஆமாமா, கடலை முட்டாய் வந்து உங்க பல்லைக் கடிச்சுப்போட்டுது.” அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தப் பல் ஆஸ்பத்திரி ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. திருப்பூரில் பேக்கரி இல்லாத தெருவைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரி வைப்பது கஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும், கீழே தேங்காய் பன் வேக வேக, மேலே கிராம்பு எண்ணெய் வாசனையில் உட்கார்ந்திருப்பது எனக்கு விநோதமாக, அதேசமயம் சுகமாகவும் இருந்தது. நான் வேலை பார்க்கும் டையிங் பட்டறையின் சத்தம் இல்லை. நீராவி இல்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்காத இடங்களில் நான் எப்போதும் சந்தோஷமாக இருப்பேன். கூப்பிடும்வரை இப்படியே இருக்கலாம், கூப்பிட்டால்தான் கேட்பார்கள், கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன், அதுதான் பயம். நாக்கு மறுபடி மேல்வரிசையின் முன்பல்லுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது பிளாஸ்டிக் பல், தற்காலிகம். நான் அதற்கு வாடகைப் பல் என்று பெயர் வைத்திருக்கிறேன். கொஞ்சம் தடிப்பு, பின்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, குடிவந்த நாளிலிருந்து நாக்குக்கு அதைத் தடவிப் பார்ப்பதே வேலை. இன்றைக்கு அது காலி செய்துவிடும்.

நூலைக் கடித்துத்தான் உடைத்துக்கொண்டேன். வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் எங்கள் பட்டறை லேப்பில் எல்லாரும் கடிக்கிறவர்கள்தான். கத்தரிக்கோல் மேஜைக்கு மேஜை கயிற்றில் கட்டித் தொங்குகிறது, இருந்தும் சாயம் போட்டுக் காய்ந்த துணித் துண்டிலிருந்து தொங்கும் நூலைப் பார்த்தால் வாய்தான் முதலில் போகும். பருத்தி நூல் என்று நினைத்து நான் கடித்தது பாலியஸ்டர். அது அறுபடவில்லை, பல் அறுந்தது. வலிகூட உடனே வரவில்லை. நாக்கில் அரிசிக் கல் மாதிரி ஒன்று உருண்டது, எடுத்துப் பார்த்தால் பாதிப் பல், பழுப்புக் கோட்டோடு. பிறகு நரம்பு எடுக்கும் சிகிச்சை, பிறகு மிச்சப் பல்லைச் சுற்றிலும் செதுக்கி ஒரு முளைபோல ஆக்கினார்கள், அதன்மேல் மாட்டத்தான் உறை. டாக்டர் நஸ்ரின் சீட்டில் கிரவுன் என்று எழுதுகிறார். பேச்சில் அவரும் உதவிக்கு நிற்கும் லூர்து அக்காவும் கேப் என்கிறார்கள். தட்டில் புதினா மணக்கும் மாவைக் குழைத்து வாய்க்குள் அழுத்தி, அது இறுகும்வரை “மூக்குல மூச்சு விடுங்க, மூக்குல” என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், அப்போது எனக்கு என் மூக்கு எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அந்த அச்சை வைத்து எங்கேயோ ஒரு லேப்பில் யாரோ என் பல்லைச் செய்கிறார்கள். நானும் லேப்தான். அங்கேயும் என்னைப்போல ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அது ஆறுதலாக இருந்தது. வாடகைப் பல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் நான் அப்படியே செய்தேன். கொய்யாவைக் கடிக்காமல் நறுக்கித் தின்றேன். முறுக்கைத் தொடவில்லை. பற்களுக்கு நடுவில் நூல் விட்டுச் சுத்தம் செய்யும்போது, “மேலயும் கீழயும் வெடுக்குன்னு இழுக்காதீங்க, கேப்பும் கூட வந்துரும், பக்கவாட்டுல உருவுங்க” என்றார். நூலால் உடைந்த பல்லை நூலால் காப்பாற்றுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அவர் சிரித்திருப்பார். நான் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுகிற நல்ல வாக்கியங்கள் எல்லாம் படிக்கட்டு இறங்கும்போதுதான் வாய்க்கு வருகின்றன.

போன தடவையும் அப்படித்தான். ஷேடு பார்த்தார்கள். வரிசையாகப் பல் பல்லாகக் கோத்த ஒரு பட்டை, வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு. பார்த்ததும் எனக்கு நெஞ்சு துள்ளியது, ஏனென்றால் இது என் வேலை. நாள் முழுக்க நான் செய்வது இதுதான், வாங்குகிற கம்பெனி அனுப்பிய துணியையும் நாங்கள் சாயமேற்றிய துணியையும் வெளிச்சப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிறமா இல்லையா என்று பார்ப்பது. லேப்பில் எனக்கு மேலே இருக்கும் துரைராஜ் அண்ணன் அந்தப் பெட்டியையே நம்ப மாட்டார். “பெட்டிக்குள்ள எல்லாரும் நல்லவங்கதான் மாதேஸ்வரி. வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாரு” என்பார். ட்யூப் லைட்டில் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும் இரண்டு துண்டுகள் வாசலுக்குப் போனதும் யாரோ எவரோ ஆகிவிடும். ஒன்றில் சிவப்பு எட்டிப் பார்க்கும். நான் தயங்காமல் அட்டையில் ரிஜெக்ட் என்று எழுதுவேன். துணியிடம் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், ட்யூப் லைட்டுக்குக் கீழே, டாக்டர் அந்தப் பட்டையை என் வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, “உங்க பல்லுல பழுப்புக் கோடு, வெள்ளைப் புள்ளியெல்லாம் இருக்கு. வெறும் வெள்ளையாவே போட்டுடலாமா? இல்ல பக்கத்துப் பல்லு மாதிரியே வரைஞ்சு தரச் சொல்லட்டுமா? லேப்ல செய்வாங்க” என்று கேட்டார். லூர்து அக்கா, “ஏங்க டாக்டர், கறையை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? அம்மிணிக்கு வெள்ளையாவே போடுவோம்” என்று சிரித்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் “சரி” என்றேன். இதுவா அதுவா என்று கேட்டால் சரி என்று சொல்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எந்த சரி? டாக்டர் ஒரு நொடி காத்திருந்தார், அந்த நொடி இன்னும் எனக்குள் அப்படியே நிற்கிறது, ஒரு வாசல் மாதிரி, உள்ளே நுழைந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையை இன்னொரு தடவை ஆட்டினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். தையல்காரர் கழுத்தை இறக்கமாகத் தைத்தபோதும் சரி என்றேன். ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டிலை அறைத்தோழி ஜெனோவா கேட்டபோதும் சரி. அதெல்லாம் போகட்டும். இறக்கமான கழுத்துக்கு ஊசி குத்திக்கொள்ளலாம், கட்டில் எங்கே இருந்தாலும் தூக்கம் வரும். பல் அப்படி இல்லை. “கேப்போட நிறம் அதுக்கப்புறம் மாறாது, ஒட்டிட்டா அறுத்துத்தான் எடுக்கணும், நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருஷம் வரும்” என்று டாக்டர் அதே மூச்சில் சொன்னார். பதினைந்து வருஷம் என் முகத்தின் நடுவில் லூர்து அக்காவின் ஆசை இருக்கும்.

அம்மாவின் ஆசையும். அம்மாவிடம் போனில் சொன்னபோது, அங்கே பென்னாகரத்தில் கோழிகளின் சத்தத்துக்கு நடுவில், “வெள்ளையாவே போட்டுக்க மாதே. ஒண்ணாவது வெள்ளையா இருக்கட்டும்” என்றாள். பிறகு கோழிகளை அதட்டிவிட்டு, “நான் குடுத்த தண்ணிதானே” என்றாள். எங்கள் போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஆழத்தில் இருக்கும் பாறையில் ஏதோ இருக்கிறது, அது தண்ணீரில் இறங்கி, குழந்தையாக இருக்கும்போதே முளைக்காத பல்லில் ஏறிவிடுகிறது. முளைக்கும்போதே சாயமேற்றின பல். கழுவினால் போகாத சாயம், எங்கள் பட்டறையில் இதற்காகத்தான் தலைகீழாக நிற்கிறோம். அம்மாவுக்கு அது குற்றமாக இருக்கிறது, எனக்கு ஒருபோதும் அப்படி இருந்ததில்லை, ஆனால் அதையும் அவளிடம் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இதே பல்தான், டீச்சருக்கும், கண்டக்டருக்கும், பூ விற்கிற அக்காவுக்கும். கல்லூரிக்குச் சேலம் போன பிறகுதான் யாரோ ஒருத்தி, “நீ பல்லே விளக்க மாட்டியா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து கை வாய்க்குப் போகப் பழகியது. கை பழகிவிட்டதே தவிர, உள்ளே நான் ஒன்றும் வருத்தமாக இல்லை என்பது விசித்திரம். மற்றவர்கள் கண்ணுக்காகத்தான் கை மூடுகிறது. ஹாஸ்டல் குளியலறையில் தனியாகப் பல் துலக்கும்போது நான் அவற்றை ரசித்தே பார்ப்பேன். குறுக்கே தேநீர் நிறத்தில் ஒரு வரி, அதற்கு மேலே சுண்ணாம்பு வெள்ளையில் மேகம், ஒவ்வொரு பல்லிலும் வரி அதே உயரத்தில் தொடர்கிறது, யாரோ ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி. லேப்பில் இப்படித் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்தால் தள்ளிவிடுவோம். ஆனால் மெலாஞ்ச் என்று ஒரு துணி இருக்கிறது, அதில் திட்டுத்தான் அழகு. சாம்பலில் வெள்ளையும் கறுப்பும் இழையாமல் கிடக்கும். அதை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஏன் ஒரே சீராக இல்லை என்று கேட்பதில்லை.

அப்புறம் அந்தப் பேருந்து. நரம்புச் சிகிச்சை முடிந்து பாதிப் பல்லோடு, வாயை இறுக்கிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறினேன். ஜன்னலோரம் ஒரு அம்மா, மடியில் ஒரு பை நிறைய கட்டிங் வேஸ்ட் துணி. குழந்தை ஒன்று முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து வாயைக் கோணிக்காட்டியது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என் கை கம்பியைப் பிடித்திருந்ததால் மூட நேரமில்லை. அந்த அம்மா என் வாயைப் பார்த்தார், நான் அவர் வாயைப் பார்த்தேன். அதே வரி. அதே உயரம். “எந்தூரு பாப்பா? பென்னாகரமா, பாப்பாரப்பட்டியா?” என்றார், ஏதோ போன வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர் மாதிரி. “பென்னாகரம்” என்றேன். “நான் பாப்பாரப்பட்டி. பல்லப் பாத்தேன், நம்மூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சுபோச்சு” என்று பையை மடியிலிருந்து காலடியில் வைத்து, நகர்ந்து எனக்கு இடம் செய்தார். நிறுத்தம் வரும்வரை பேசினார். நான் கூடப் பேசினேன், நான்! எந்தக் கிணறு வற்றியது, இப்போது ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது, இனி பிறக்கிற பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக இருக்கும் என்றெல்லாம். “நல்லதுதான். ஆனா வெளியூர்ல நம்ம புள்ளைங்கள எப்டிக் கண்டுபிடிக்கிறது?” என்று சொல்லி, அவரே அதற்குப் பெரிதாகச் சிரித்தார். வாயை மூடாமல். பல் முழுக்க. அதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றில் வெந்நீர் இறங்குகிற மாதிரி இதமாக இருக்கிறது. ஒரு வெள்ளைப் பல் நடுவில் நின்றால் அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். நான்தான் நினைப்பேன். வரிசையில் வரி வந்துகொண்டே இருக்கும், அந்த ஒரு இடத்தில் அறுந்து, மறுபடி தொடரும். இன்றைக்கு என் வாயில் மாட்டப்போவது அதுதான் என்றால் ஒட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? டாக்டர், எனக்கு இது வேண்டாம். இல்லை, ரொம்ப வெடுக்கென்று இருக்கிறது. டாக்டர், கொஞ்சம் டார்க்காக... அதுவும் இல்லை. ஏன் போன தடவையே சொல்லவில்லை என்று கேட்டால்? லேப்பில் இருக்கும் அந்தத் தலைகுனிந்த பெண் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமே? அம்மா?

உள்ளேயிருந்து டாக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சோளப்பொரிக்காரர் எப்போது உள்ளே போனார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. “என்னது, நீங்களே பசை போட்டு ஒட்டினீங்களா?” “செருப்பே ஒட்டுதுங்களே டாக்டர், பல்லு ஒட்டாதா?” “ஐயா, ஈறு வெந்துபோயிருக்கு. கழண்டா பத்திரமா எடுத்துட்டு நேரா இங்க வரணும். கேப்புக்குச் சொத்தை வராது, அதுக்கு அடியில இருக்கிற உங்க சொந்தப் பல்லுக்கு வரும். கேப்பும் ஈறும் சேர்ற விளிம்பு இருக்கு பாருங்க, அங்கதான் பிரஷ் போகணும். நீங்க நடுவுல மட்டும் தேய்க்கிறீங்க.” “நடுவுலதானுங்க பளபளன்னு இருக்குது.” வெளியே அவர் மனைவி என் பக்கம் திரும்பி, “எங்கூட்டுக்காரரு பொட்டியப் பளபளன்னு தொடச்சு வெச்சுப்போட்டு, சாவியத் தொலைச்சுப்போடற ஆளு” என்றார். நான் சிரித்தேன். கை பாதி வரை வந்து, ஏனோ துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அவர் என் பல்லைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. “உனக்கென்னங்கண்ணு?” என்றார். “முன்பல்லு” என்றேன். “வலிக்காது, போ” என்றார். வலியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாதேஸ்வரி என்று லூர்து அக்கா கூப்பிட்டார். நாற்காலி என்னைச் சாய்த்தது. வாடகைப் பல் ஒரு சின்ன நெளிவில் வந்துவிட்டது, விசுவாசமே இல்லாமல். முளையின்மேல் காற்று பட்டதும் கூசியது, நரம்பு இல்லாத பல்லுக்கு ஏது கூச்சம், பக்கத்து ஈறாக இருக்கும். டாக்டர் புதுப் பல்லை எடுத்துப் பொருத்தினார். ஒட்டவில்லை, சும்மா மாட்டிப் பார்ப்பதற்கு. இரண்டு பக்கமும் பஞ்சுச் சுருள் வைத்தார். நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். “தட்டுங்க. தட்டுங்க. உயரமா இருக்கா?” இல்லை. உயரமாக இல்லை. அளவு அவ்வளவு சரியாக இருந்தது, நாக்குக்குப் புகார் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை, பின்பக்கம் வழவழவென்று, கழுவின பீங்கான் தட்டு மாதிரி. அந்தப் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள், எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. லூர்து அக்கா கைக்கண்ணாடியைக் கொடுத்தார். மேலே வட்ட விளக்கு முழுதாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் என் எல்லாப் பற்களுமே கொஞ்சம் வெளுத்துப்போய், எல்லாருமே ஒரு மாதிரி நல்லவர்களாக, வரியே இல்லாத வெள்ளைப் புதுப் பல் நடுவில் அவ்வளவாக உறுத்தாமல் இருந்தது. உறுத்தவில்லையா? ஒருவேளை நான்தான் பெரிதாக்கிக்கொள்கிறேனோ? “எவ்ளோ அழகா இருக்குது பாரு அம்மிணி” என்றார் லூர்து அக்கா. அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது, அதை உடைக்க யாருக்கு மனம் வரும். அவர் சின்னக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிற சிமெண்டைக் கலப்பதற்காகக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். கலந்துவிட்டால் இறுகுவதற்குள் ஒட்டியாக வேண்டும், அது எனக்குத் தெரியும், சாயத்துக்கும் அப்படித்தான். டாக்டர் நஸ்ரின் முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்களால் என்னைப் பார்த்து, “ஒட்டிடலாமா? சரியா?” என்றார். சரி என்ற வார்த்தையை அவரே என் வாயில் வைத்துவிட்டார். பஞ்சுக்கு நடுவில் அது உருண்டு வந்து பல்லின் பின்பக்கம் நின்றது, நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், தானாக வெளியே போய்விடும். பெட்டிக்குள்ள எல்லாரும் நல்லவங்கதான் மாதேஸ்வரி. கீழே பேக்கரியில் யாரோ தட்டைத் தட்டிப் பன்னைக் கவிழ்த்தார்கள். ஜன்னலின் பச்சைத் திரைக்குப் பின்னால் வெயில் இருந்தது.

நான் கையைத் தூக்கி, அக்காவிடம் கொஞ்சம் இருங்கள் என்று காட்டிவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கினேன். கழுத்தில் கட்டிய துண்டோடு, பஞ்சோடு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கி, வெயிலில் வாயைத் திறந்து பார்த்தேன். பிறகு இரண்டு விரலால் அந்தப் பல்லைக் கழற்றி, பின்னாலேயே வந்து நின்ற டாக்டரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பக்கத்துப் பல்லின் பழுப்பு வரிமேல் நகத்தை வைத்துக் காட்டினேன்.